யானைத் துப்பாக்கி என்று ஊர் சொல்லும் பிர்னோ .375: வாங்கலாமா, வைத்திருக்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பலருக்கு அது மட்டும்தான் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் வைத்திருந்த .375 ரைபிள் வாரிசு வழியில் உங்கள் கைக்கு வருகிறது என்றால் தயங்காமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இப்போதுதான் கிடைத்திருக்கிறது, கையில் காசும் இருக்கிறது, முதல் துப்பாக்கியே பெரிய காலிபராக (குழல் துளையின் அகலம்) இருந்தால் நாலு பேர் பார்க்க கெத்தாக இருக்குமே என்று நினைப்பவராக இருந்தால் வேண்டவே வேண்டாம். சுடும்போது தோளில் உதைக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, உதையைப் பழகிக்கொள்ளலாம். தோட்டா, துரு, தாள் இந்த மூன்றும்தான் குமரி மாவட்டத்தில் இப்படி ஒரு துப்பாக்கி வைத்திருப்பவனைப் படுத்தி எடுக்கும். விற்கிற ஆள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

என்னிடம் இருப்பது செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த பிர்னோ இசட்கேகே 602. தோட்டா .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்த என் மாமனார், ஊரைவிட்டுப் போன ஒரு எஸ்டேட் மேனேஜரிடமிருந்து எழுபதுகளில் வாங்கியது. பிர்னோ என்றால் நம் பக்கத்தில் பலருக்கும் .22 ரைபிள்தான் தெரியும், இது அதே பெயரில் வந்த பெரிய சரக்கு. நாலு கிலோவுக்கு மேல் எடை, குழல் மட்டுமே 25 அங்குலம். எடுத்துத் தோளில் வைத்துப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கனமாக இருக்கிறதே என்றுதான் முதலில் சொல்வார்கள். அந்தக் கனம் வேண்டும், துப்பாக்கியில் குறைகிற எடைக்கு உங்கள் தோள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வேலைப்பாடு பற்றி எனக்குக் குறையே இல்லை. போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டு, மாசர் என்ற பழைய ஜெர்மன் துப்பாக்கியின் பாணி. தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கிற நீளமான எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, தோட்டா மேகசினிலிருந்து மேலே எழும்போதே அதன் அடியைப் பிடித்துக்கொள்கிறது, பாதியில் கை தடுமாறி போல்ட்டைப் பின்னால் இழுத்துவிட்டாலும் ஒரு தோட்டா உள்ளே இருக்க இன்னொன்று போய் முட்டி நிற்பதில்லை. எதிரே காட்டெருமை நிற்கும்போது துப்பாக்கி சிக்கக் கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. பழைய தயாரிப்பு என்பதால் போல்ட் ஓடுகிற இரும்புக் கூட்டின் பின்பக்கப் பாலத்துக்குள் மடங்கிக் கிடக்கிற சின்ன பீப் சைட் (துளை வழியாகக் குறி பார்ப்பது) ஒன்றும் இருக்கிறது, அழுத்தினால் எழுந்து நிற்கும். ஐம்பது வயதைத் தாண்டிய என் கண்ணுக்கு சாதாரண வி வடிவக் குறியைவிட அது எவ்வளவோ மேல்.

எனக்குப் பிடிக்காதது சேப்டி, தவறி வெடிக்காமல் இருக்க வைத்த பூட்டு. பழைய 602-ல் அது தலைகீழ்: முன்னால் தள்ளினால் பூட்டு, பின்னால் இழுத்தால் சுடத் தயார். உலகத்தில் பாதித் துப்பாக்கிகள் இதற்கு நேர் எதிராக வேலை செய்யும்போது செக்காரர்கள் ஏன் இப்படி வைத்தார்கள் என்று மாமாவும் கடைசி வரை திட்டிக்கொண்டேதான் இருந்தார். வேறு துப்பாக்கியும் வைத்திருப்பவர்கள் இதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவை வாய்விட்டே சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது. இதே மாடல் என்று சொல்லி யாராவது உங்களிடம் காட்டினாலும் பார்க்காமல் நம்பாதீர்கள், பிற்காலத்தில் வந்தவற்றில் இதை மாற்றிவிட்டார்கள்.

தோட்டாவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் இந்தியாவுக்குப் பங்கு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலகக்காரர்கள் கையிலிருந்த பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்கு உதவிவிடும் என்ற பயத்தில், .450 காலிபர் தோட்டா இந்தியாவுக்கும் சூடானுக்கும் வரக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடை போட்டது. அதுவரை பெரிய வேட்டைக்கு .450 தான் ராஜா. தடை வந்ததும் லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் ஆளாளுக்கு .465, .470, .475 என்று ஒவ்வொன்றாக இறக்கினார்கள், எல்லாம் அந்தச் சட்டத்தை ஒதுங்கிப் போகத்தான். அதே காலத்தில் ரிக்பி கம்பெனி 1911-ல் .416 கொண்டுவந்தது, ஹாலண்ட் கம்பெனி 1912-ல் இந்த .375-ஐ. அன்றைய வெடிமருந்து கார்டைட், மெல்லிய குச்சி குச்சியாக இருக்கும், அதை அடைக்கத்தான் இந்தத் தோட்டாவின் கூடு இவ்வளவு நீளமாகவும் மேலே போகப் போக ஒடுங்கியும் இருக்கிறது. வெயில் நாட்டில் கார்டைட்டின் அழுத்தம் ஏறும், ஏறினால் வெடித்த கூடு அறைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஒடுங்கிய கூடு அப்படி ஒட்டாமல் சுலபமாகக் கழன்று வரும். நூறு வருஷம் கழிந்தும் பல ஆப்பிரிக்க நாடுகளில் ஆபத்தான மிருகங்களுக்கு இதுதான் சட்டப்படி குறைந்தபட்ச காலிபர்.

சரி, உதை. எல்லாரும் கேட்பது இதைத்தான். 300 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு நொடிக்கு சுமார் 2,500 அடி வேகத்தில் வெளியே போகிறது, அதற்கு எதிராக ஒன்பது ராத்தல் ரைபிள் பின்னால் வரும்போது உதை ஆற்றல் 37 முதல் 40 அடி-பவுண்டு வரை இருக்கும். சாதாரண .30-06-ல் இது 20 பக்கம். கேட்க இரண்டு மடங்கு. ஆனால் தோளில் அது வேறு மாதிரி வருகிறது, சுள்ளென்று அடிக்காமல் ஒரு ஆளை மொத்தமாகப் பின்னால் தள்ளுகிற தள்ளு. உண்மையைச் சொன்னால் இரும்புத் தகடு வைத்த பட் (தோளில் பதிகிற பின்கட்டை) உள்ள இஷாப்பூர் அரசு ஆலையின் .315 ரைபிளை பனியனோடு நின்று சுட்டபோது எனக்கு வலித்த வலி, நல்ல ரப்பர் பேட் போட்ட .375-ல் வந்ததில்லை. .315-ஐக் குறை சொல்லவில்லை, பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான லீ என்ஃபீல்டு அமைப்பில் செய்த முரட்டு உழைப்பாளி அது. தோட்டத்துக்காரர்களுக்கு என்று பார்த்தால் நாட்டில் சுலபமாகக் கிடைக்கிற ரைபிளும் அதுதான்.

அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கருங்கல் பக்கம் இருக்கிறார், பச்சை அண்டி வாங்க வருஷா வருஷம் தான்சானியா போவார். அங்கே வேட்டைக்குக் கூட்டிப் போகிற தொழில்காரர் ஒருவரோடு பழக்கமாகி, அவருடைய சொந்த இடத்தில் .416 ரிக்பியும் .458 வின்செஸ்டரும் சுட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டும் காகிதத்தில் 60 அடி-பவுண்டை ஒட்டி வரும். ".375 வரைக்கும் நாம துப்பாக்கியப் பிடிச்சிருக்கோம்டே, அதுக்கு மேல போனா அது நம்மளப் பிடிச்சிருக்கு" என்றார். .458-ல் மூன்றாவது தோட்டாவுக்கே கண் தானாக மூட ஆரம்பித்துவிட்டதாம். அவர் ஆறடி, நல்ல உடம்பு, சும்மா மிகைப்படுத்துகிற ஆளும் இல்லை. .460 வெதர்பி என்று ஒன்று இருக்கிறது, நூறு அடி-பவுண்டு பக்கம் உதைக்கும், அதை ஆசையாகச் சுடுகிறவர்கள் யார் என்று எனக்குப் புரிவதே இல்லை.

உதையைச் சமாளிப்பதில் எண்களைவிட முக்கியம் பட் உங்கள் உடம்புக்கு அளவாக இருப்பது. மாமா உயரம், கை நீளம். நான் அப்படி இல்லை. அவர் அளவுக்கு இருந்த பட் எனக்குத் தோளில் ஏறும்போதே சட்டையில் மாட்டும், தோள்குழியில் உட்காராமல் கை மூட்டுக்குப் போய்விடும், அங்கே வாங்கினால் ஒரு வாரம் கை தூக்க முடியாது. ரொம்பக் குட்டையாக இருந்தாலும் ஆபத்து, சுடும்போது சொந்தப் பெருவிரலே மூக்கில் வந்து இடிக்கும். போதாக்குறைக்கு பழைய பேட் கல்லாகிவிட்டிருந்தது. ரப்பர் விளைகிற ஊரில் இருக்கிறவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், ரப்பர் காற்றிலும் எண்ணெயிலும் கிடந்து வயதானால் இறுகி வெடிக்கும். வெளியே பார்க்க கறுப்பாக நன்றாகத்தான் இருந்தது, நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழவில்லை. உங்கள் வீட்டில் பழைய துப்பாக்கி இருந்தால் இந்த நக சோதனையை இன்றைக்கே செய்து பாருங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் வரும்போது ஒரு இஞ்சு கனமுள்ள பேக்மேயர் டிசெலரேட்டர் பேட் கொண்டுவந்தான். வெறும் ரப்பர்தான், ஆனால் மெத்தென்று அமுங்கி மெதுவாக மீள்கிற ரகம். அது வரும்வரை மார்த்தாண்டத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் சர்க்கரை நோயாளிகளின் செருப்புக்குப் போடும் எம்சிஆர் என்ற மெத்தென்ற ரப்பர் ஷீட் வாங்கி, இரண்டு அடுக்காக ஒட்டி, தோல் உறை தைத்து மாட்டியிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அதுவே பாதி உதையைத் தின்றது. ஆனால் எம்சிஆர் சட்டென்று திரும்பி உதறும், பேக்மேயர் அப்படி உதறுவதில்லை, வித்தியாசம் தெரிகிறது. புது பேட் கனம் என்பதால் அந்த அளவுக்குக் கட்டையை வெட்ட வேண்டும். நல்ல தேக்கு ஆசாரி செய்துவிடுவார், ஆனால் பட்டின் அடிமட்டம் எந்தச் சரிவில் இருக்கிறது என்பதை முதலில் அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டு, டேப் ஒட்டிய பிறகே வாளை வைக்கச் சொல்லுங்கள். மரத்தை வெட்டலாம், குழலில் கை வைக்கக் கூடாது, குழலை லைசென்ஸ் இல்லாமல் குறைப்பது குற்றம்.

பட் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. போல்ட் முடிகிற இடத்துக்குப் பின்னால், கைப்பிடி தொடங்கும் இடத்தில், மயிரிழை விரிசல் ஒன்று. பெரிய காலிபர் எல்லாவற்றுக்கும் வருகிற நோய் இது: உதை முழுக்க மரத்தின் ஒரு சின்ன மூலையில் போய் இறங்கினால் மரம் பிளந்துவிடும். இரும்பும் மரமும் சேரும் இடத்தில் எபாக்சி பசை ஊற்றிப் படிய வைத்ததும் சரியாயிற்று, லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர் ஒருவர் செய்து கொடுத்தார். பழைய .375 வாங்குகிறவர்கள் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல் இந்த இடத்தையும் பாருங்கள்.

சுடுகிற விதம் பற்றி. மேசையில் குனிந்து, மணல் மூட்டையில் சாய்த்து, தோளை அமுக்கிக்கொண்டு சுடுவது சின்னத் துப்பாக்கிக்குச் சரி. இதற்கு உடம்பு பின்னால் போக இடம் வேண்டும். குறி பார்த்து சரிசெய்ய உயரமான மேசையில் நின்றுகொண்டு சுடுங்கள், மற்றபடி நின்ற நிலைதான். படுத்துக்கொண்டு சுடவே சுடாதீர்கள், உதை போக வேறு வழி இல்லாமல் காரை எலும்பில் இறங்கும். இடது கை முன்பகுதியை நன்றாகப் பிடிக்க வேண்டும், மிருதுவாக ஏந்துவது ஒலிம்பிக் .22 பழக்கம். இந்த மாதிரித் துப்பாக்கிகளில் தோள்வாரின் முன் கொக்கியைக் கட்டையில் வைக்காமல் குழலிலேயே வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், உதைக்கும்போது அது கையைக் கிழிக்காமல் இருக்கத்தான். ஸ்கோப் போடுவதானால் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு அங்குலமாவது இடைவெளி தருவதாகப் பார்த்து எடுங்கள். மச்சினன் கேட்காமல் தன் விருப்பத்துக்கு ஒன்றை மாட்டிச் சுட்டான், புருவத்துக்கு மேல் பிறை போட்டது போல் தழும்பு இன்னும் இருக்கிறது. காதுக்குப் பாதுகாப்பாக உள்ளே நுரை அடைப்பான், வெளியே மூடி ரகம், இரண்டும் சேர்த்துப் போடுங்கள்.

உதையைவிட மோசம் உதை வரப்போகிறதே என்று உடம்பு முன்கூட்டியே துள்ளுவது. அதற்கு நல்ல மருந்து, மருந்தில்லாத டம்மி தோட்டாவை நிஜத்தோடு கலந்து வேறு ஒருவரை நிரப்பித் தரச் சொல்வது. டம்மி விழும்போது குழல் முனை எப்படிக் குதிக்கிறது என்பதைப் பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால் வெட்கமாக இருக்கும், ஆனால் அப்படித்தான் சரியாகும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் சுடுவதில் பயன் இல்லை, அதற்குப் பிறகு பழகுவது கெட்ட பழக்கம் மட்டும்தான். நன்றாகப் பிடித்துச் சுட்டால் நூறு மீட்டரில் இந்த ரைபிள் உள்ளங்கை அகலத்துக்குள் எல்லாவற்றையும் போடுகிறது, ஐம்பது வருஷத்துப் பொருளுக்கு இதற்கு மேல் என்ன கேட்பது.

எங்கே சுடுவது என்பது அடுத்த கேள்வி. பெரிய காலிபர் சுட மாவட்டத்துக்குள் இடம் தேடி எனக்குக் கிடைக்கவில்லை. நான் போவது அனுமதி உள்ள, பின்னால் பெரிய மண்மேடு உள்ள வெளிமாவட்டச் சுடுதளம் ஒன்றுக்கு. சொந்த எஸ்டேட்தானே, மலைச்சரிவு இருக்கிறதே என்று தோட்டத்தில் சுடுகிற யோசனை வேண்டாம். ரப்பர் பால் வெட்ட வருகிறவர்கள் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருப்பார்கள், நம் மலையில் மண்ணுக்குக் கீழே எங்கும் பாறை, பாறையில் பட்ட குண்டு எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது வயிற்றெரிச்சல் பகுதி. தோட்டா. அரசின் ஆர்டனன்ஸ் பாக்டரி சரக்கு என்று கடைகளில் நான் பார்ப்பது .315-ம் .30-06-ம்தான். .375 என்றால் வெளிநாட்டுச் சரக்கு, டீலரிடம் எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் ஒரு தோட்டா விலையில் குளச்சலில் நல்ல நெய்மீன் துண்டே வாங்கி வந்துவிடலாம். அமெரிக்கர்கள் போல வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்றால் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். கைனோக் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய தோட்டாப் பெட்டிகளை யாராவது ஆசை காட்டி நீட்டுவார்கள். பெட்டி அழகு, உள்ளே இருப்பது நம் தாத்தா காலத்துச் சரக்கு. அப்படிப்பட்டதில் விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள், குழலை மண்மேட்டைப் பார்த்தே வைத்துக்கொண்டு அரை நிமிஷமாவது காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. நான் அவற்றைச் சுடுவதில்லை, பெட்டியோடு இருக்கட்டும்.

துரு விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை, தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, மேற்கே கடல் காற்று வேறு. ரப்பர்காரர்களுக்கு மட்டும் இன்னொரு எதிரி இருக்கிறது, யாரும் எழுதிப் பார்த்ததில்லை: பால் உறைய ஊற்றுகிற ஃபார்மிக் ஆசிட். ஷீட் அடிக்கிற புரைக்குப் பக்கத்து அறையில் துப்பாக்கி பீரோ வைத்திருந்த ஒரு உறவினர் வீட்டில், எண்ணெய் போட்ட குழல்கூட ஒரே மழைக்காலத்தில் செம்பழுப்பாகப் பூத்திருந்தது. ஆசிட் ஆவி சுவரைத் தாண்டி வரும். துப்பாக்கியை வீட்டின் எதிர்க் கோடியில் வையுங்கள். துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டு வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு ஒட்டவைக்கும். அப்புறம் தேங்காய் எண்ணெய். பழைய ஆட்கள் எல்லாரும் அதைத்தான் போட்டார்கள், மாமா உட்பட. கொஞ்ச நாளில் அது பிசினாகி, சிக்கெடுத்து, போல்ட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கையே மந்தமாக்கிவிடும். நான் முழுக்கக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவியபோது வந்த வாடை அடுக்களை வாடை. இப்போது துப்பாக்கி எண்ணெய், பீரோவில் சிலிக்கா ஜெல், பதினைந்து நாளுக்கு ஒரு துடைப்பு.

தாள் விவகாரம் சுருக்கமாக. 2016 ஆயுத விதிகளில், லைசென்ஸ்தாரர் இறந்தால் மட்டுமில்லை, அவருக்கு 70 வயது ஆனாலோ துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம், மருமகனும் அந்தப் பட்டியலில் உண்டு. மாமா கையெழுத்துப் போடும் நிலையில் இருந்தபோதே செய்ததால் எனக்கு எளிதாயிற்று, இறந்த பிறகு என்றால் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று நீளும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் ஏற்கெனவே இரண்டு இருப்பவர் யோசித்துக்கொள்ள வேண்டும். அதே திருத்தத்தில் லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தானது மட்டும் நல்ல காரியம்.

தேர்தல் வந்தால் ஒப்படைக்க வேண்டும். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை, ஒரு தடவை திரும்ப வாங்கியபோது குழல் முனையில் சுவர்ச் சுண்ணாம்பு, பட்டில் எவனோ பேனாவால் எழுதிய எண். இப்போதெல்லாம் லைசென்ஸ் உள்ள டீலரிடம் கட்டணம் கொடுத்து ஒப்படைத்து ரசீதை ஸ்டேஷனில் காட்டுகிறேன், சட்டம் அதையும் ஏற்கிறது. கிரீஸ் தடவி, நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, ரசீதில் சீரியல் எண்ணைச் சரிபார்த்த பிறகே கிளம்புங்கள்.

இவ்வளவும் செய்து இதை வைத்து என்ன செய்வது? பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பார்க்கும்போதெல்லாம், "என்ன மருமோனே, யானைக்கு வெடி வைக்கிற துப்பாக்கியாமே, பன்றிக்கு ஒண்ணு வையேன், மரச்சீனிக் கிழங்கு ஒண்ணும் மிச்சமில்ல" என்பார். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு யானை, காட்டெருமை பேச்சே இல்லை. பன்றிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2022-லிருந்து பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவில் லைசென்ஸ் உள்ளவர்கள் சுட முடிகிறது, இங்கே அந்த வழி கிடையாது, வனத்துறைதான் செய்ய வேண்டும். அந்தப் பெரியவருக்கு வனத்துறைக்குப் போட மனு எழுதிக் கொடுத்தேன், அதற்கு மேல் என் ரைபிளுக்கு வேலை இல்லை. நாளைக்கே சட்டம் மாறினாலும் பன்றிக்கு .375 தேவையும் இல்லை, குண்டு அதைத் தாண்டி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும், 12 போர் ஷாட்கனே அதிகம்.

ஆக இது தாள் குறியைச் சுடுவதற்கும், நல்ல இயந்திரத்தைக் கையில் வைத்திருக்கிற சுகத்துக்கும் மட்டும். அந்தச் சுகம் நிஜம், நான் மறுக்கவில்லை. புதிதாக வாங்குகிறவர் அதே காசில் .30-06 ஒன்றை எடுத்தால் தோட்டாவும் கிடைக்கும், மிச்சத்தில் ஒரு .22 வாங்கி மாதாமாதம் சுட்டுப் பழகலாம். அதையும் மீறி .375 தான் என்று நிற்பவர், சாதாரண ஆட்கள் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி இறக்குமதி செய்வது எண்பதுகளிலேயே நின்றுபோனது என்பதால் விலை விற்கிறவர் சொல்வதுதான் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். குறைந்தது நாற்பது தோட்டாவையும் சேர்த்துத் தர மாட்டேன் என்று சொல்கிற ஆளிடம் ரைபிளை வாங்காதீர்கள், தோட்டாவும் உங்கள் லைசென்ஸ் அளவுக்குள் டீலர் வழியாகப் பதிவாகித்தான் வர வேண்டும்.